வரைபடத்தில் நிறம் மாறுவதற்குள்: சிங்கப்பூரில் விளைநிலத்தையும் திறந்தவெளியையும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து காக்கும் வழிமுறை

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுத்துண்டையோ, கிராஞ்சிப் பக்கம் இன்னும் மண்ணில் கீரை போடும் பண்ணையையோ காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பேர் கூடினால், பணம் திரட்டி நிலத்தை வாங்கிவிடலாமா என்ற பேச்சுதான் முதலில் வரும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஊர்மக்கள் அறக்கட்டளை அமைத்து அப்படித்தான் வயல்களை வாங்கிக் காக்கிறார்கள். இங்கே அந்த வழி இல்லை. சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுக்குச் சொந்தம். தனியார் நிலத்தையும் பொதுத் தேவைக்கென்று 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் அரசு எடுத்துக்கொள்ளலாம். பண்ணைக்காரர்கள் குத்தகைதாரர்கள், புதிதாக விடப்படும் பண்ணை நிலங்களுக்கு வழக்கமாக 20 ஆண்டுதான் குத்தகை.

ஆகவே இங்கே நிலத்தின் தலைவிதியை எழுதுவது பத்திரம் அல்ல, நாட்டின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் பெருந்திட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வகைப்பாடு. அந்த வகைப்பாடு எப்போது மறுபரிசீலனைக்கு வருகிறது, அப்போது கையில் என்ன சான்று வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே எல்லாம். கீழே வருபவை அந்த வேலையைச் செய்யும் முறைகள்.

வரைபடத்தைப் படிப்பது

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் யூஆர்ஏ ஸ்பேஸ் இணையத்தளத்தைத் திறந்து உங்கள் இடத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு மனையும் ஒரு நிறத்தில் இருக்கும். தொட்டால் வகைப்பாடு வரும். தற்போதைய திட்டத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல் 2019, 2014, 2008ஆம் ஆண்டுத் திட்டங்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ‘திறந்தவெளி’ என்றே இருந்த இடத்துக்கும், ‘குடியிருப்பு’ என்றே குறிக்கப்பட்டிருந்தும் கட்டாமல் விடப்பட்டதால் காடாகிப்போன இடத்துக்கும் வாதாடும் முறை வேறு வேறு.

நிறங்களுக்குள் ஏமாறுவதற்கு நிறைய இடம் உண்டு. ‘பூங்கா’, ‘திறந்தவெளி’, ‘வேளாண்மை’ என்பவை ஓரளவு தெம்பு தருபவை. ‘ஒதுக்கிடம்’ என்றால் பயன்பாடு இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். இடைக்காலப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைக்கலாம். மக்கள் கருத்துக்கு அதிக மதிப்பு இருப்பது இந்த வகை நிலத்தில்தான், ஏனென்றால் எந்த அமைப்பும் இன்னும் அதற்காகப் பணம் செலவழித்திருக்காது. ‘குடியிருப்பு - விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது’ என்று இருந்தால் வீடு கட்டும் எண்ணம் உண்டு, எங்கே எவ்வளவு என்பது முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பாதுகாப்பிலும் படிகள் உண்டு. பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்கீழ் அரசிதழில் அறிவிக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் நான்கே நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர். இயற்கைப் பூங்காக்களும் அக்கம்பக்கப் பூங்காக்களும் நிர்வாக முடிவினால் இருப்பவை. முடிவு மாறினால் எல்லையும் மாறலாம். ‘இயற்கைப் பகுதி’ என்று திட்டத்தில் குறிக்கப்பட்டவை முடிந்தவரை வைத்திருக்கப்படும் என்ற உறுதிமொழியோடு இருப்பவை. உங்கள் இடம் எந்தப் படியில் இருக்கிறது, எந்தப் படிக்கு அதை ஏற்றக் கேட்கிறீர்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ‘பசுமையைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதிய மனுவுக்கு, பசுமையை அரசு மதிக்கிறது என்ற பதில்தான் வரும். கேள்வியில் பிடி இல்லையென்றால் பதிலிலும் இருக்காது.

நிலம் யாருடையது என்பதை நில ஆணையத்தின் ஒன்மேப் தளத்தில் உள்ள நில விசாரணைப் பகுதியில் பாருங்கள். மனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கடிதத்திலும் அது வர வேண்டும். ‘புளோக்குக்குப் பின்னால் உள்ள காடு’ என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் கோப்பைத் தேடி எடுக்க முடியாது.

நாள்காட்டிதான் பாதி வேலை

பெருந்திட்டம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வருகிறது. அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டைச் சொல்கிறது. அதற்கு மேலே 50 ஆண்டும் அதற்கு அப்பாலும் பார்க்கும் நீண்டகாலத் திட்டம் இருக்கிறது. அதன் கடைசி மறுஆய்வு 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடந்தது. பெருந்திட்டத்தின் வரைவு 2025 ஜூன் 25 முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆனால் அதற்கான கலந்துரையாடல்கள் 2023லேயே தொடங்கிவிட்டன. கண்காட்சியில் வரைவைப் பார்த்த பிறகு எதிர்ப்பு எழுதியவர்கள் தாமதமாக வந்தவர்கள். 2023இல் கூட்டங்களுக்குப் போய் வரைபடத்தை மேசையில் விரித்துப் பேசியவர்களுக்குத்தான் கோடுகள் இன்னும் பென்சிலில் இருந்தன. இதே தாளத்தில் போனால் அடுத்த சுற்றின் பேச்சுகள் 2028 வாக்கில் தொடங்கும். ஓராண்டுக் கணக்கெடுப்பு கையில் இருக்க வேண்டும் என்றால் 2026, 2027இல் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

இடையில் கவனிக்க வேண்டியவை வேறு. அரசாங்க நில விற்பனைப் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் அடுத்தடுத்த பிடிஓ இடங்கள் (முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் வீடுகளுக்கானவை) முன்கூட்டியே அறிவிக்கப்படும். பெருந்திட்டத்தில் இடைத்திருத்தம் செய்வதென்றால் அரசிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் எழுதக் கிடைக்கும் காலம் குறுகியது. அரசாங்க ஏலப்புள்ளிகள் வரும் ஜீபிஸ் தளத்தில் உங்கள் வட்டாரத்தின் பெயரைப் போட்டுத் தேடும் வேலையை ஒருவரிடம் மாதம் ஒருமுறை ஒப்படையுங்கள். சுற்றுப்புற ஆய்வுக்கோ மண் பரிசோதனைக்கோ ஏலப்புள்ளி கோரப்பட்டிருந்தால், கட்டுமானம் தொடங்க இன்னும் சில ஆண்டு இருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நிலத்திலும் அடையாளம் தெரியும். மரங்களில் எண் பொறித்த சிறிய தகடுகள் அடிக்கப்பட்டிருந்தால் மரக் கணக்கெடுப்பு நடக்கிறது. வண்ணத் துணி கட்டிய குச்சிகள் நில அளவைக்கானவை. மூன்று கால் கோபுரம் மாதிரி ஒரு துளையிடும் இயந்திரம் சேற்றுக்குள் நின்றால் அது மண் பரிசோதனை. இவற்றைப் பார்த்ததும் வெட்டப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அலற வேண்டாம். படம் எடுத்து, தேதி போட்டு, எந்த அமைப்பு எதற்காகச் செய்கிறது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பரபரப்பை ஒருமுறை கிளப்பி அது பொய்யாகிவிட்டால், உண்மையாகவே ஆபத்து வரும்போது அக்கம்பக்கத்தார் எழுந்து வரமாட்டார்கள்.

சான்று திரட்டுவது

இந்த வேலைக்குத்தான் அதிகக் காலமும் பொறுமையும் தேவை. குழு தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். 500 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை போதும். பொதுமக்கள் போகத் தடையில்லாத பாதையாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது, காலை 7 மணிக்கு ஆரம்பித்து, 200 மீட்டருக்கு ஒருமுறை நின்று பத்து நிமிடம் கேட்டுப் பார்த்து எழுதுங்கள். ஓராண்டு விடாமல் செய்தால்தான் செப்டம்பர் முதல் மார்ச் வரை வந்துபோகும் வலசைப் பறவைகளும் கணக்கில் வரும். ஒரே வாரத்தில் பத்துமுறை போய் எடுத்த பட்டியலை விட, பன்னிரண்டு மாதம் ஒவ்வொரு தடவையாகப் போய் எடுத்த பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

‘7.42 காலை. இரண்டாம் நிறுத்தம், ஓடைப்பாலத்துக்கு வடக்கே 30 மீட்டர். வைக்கோல் நிறத்தலைக் கொண்டைக்குருவி 2. குரல் கேட்டது, பிறகு கண்ணால் பார்த்தது. அல்பீசியா மரத்தின் நடுக்கிளையில் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் அலகில் நார். மழை இல்லை, மேகமூட்டம். படம் உண்டு. பார்த்தவர்கள் இருவர்.’

‘அலகில் நார்’ என்ற அந்த இரண்டு சொல்லில்தான் பதிவின் உயிர் இருக்கிறது. கூடு கட்டுகிறது என்றால் இந்த இடத்தில் வாழ்கிறது. தலைக்கு மேலே பறந்து போனது என்றால் எங்கிருந்தோ எங்கேயோ போகிறது. அனுபவம் உள்ள ஆய்வாளர் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் பறந்து கடந்தவற்றைத்தான் முதலில் அடித்துவிடுவார். நீங்களே தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் மீதிப் பட்டியலை நம்புவார்.

இதில் ஓர் எச்சரிக்கை. வைக்கோல் நிறத்தலைக் கொண்டைக்குருவி உலக அளவில் அழியும் விளிம்பில் இருக்கிறது. அதன் இனிய குரலுக்காகக் கூண்டுப்பறவை வியாபாரிகள் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். சிங்கப்பூர் அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. இப்படிப்பட்ட இனங்கள், எறும்புண்ணி, அரிய ஆர்க்கிட் செடிகள் ஆகியவற்றின் துல்லியமான இடத்தைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிட்டு, துல்லியமான விவரத்தை என்பார்க்ஸ் என்று நாம் சொல்லும் தேசியப் பூங்காக் கழகத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

மரங்களை அளக்கும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வரும். தாவரவியலாளர்கள் மரத்தின் தடிமனைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாத மரம் எது என்பதைச் சட்டம் அரை மீட்டர் உயரத்தில் அளந்து சொல்கிறது: அந்த உயரத்தில் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்ட வேண்டும். இரண்டு அளவையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றளவு 5 மீட்டருக்கு மேல் இருந்தால் மரபு மரமாக முன்மொழியலாம். ஒரு மரத்துக்கு அந்தத் தகுதி கிடைப்பதால் காடு முழுவதும் தப்பிவிடாது. என்றாலும் சாலையின் கோட்டைக் கொஞ்சம் வளைக்கச் சொல்ல அது உதவும்.

அல்பீசியா மரங்கள் நிறைந்த காட்டை ‘வெளிநாட்டு மரம், வெறும் புதர்’ என்று தள்ளிவிடும் பேச்சு வரும். அந்த மரம் அயலினம் என்பதும் அதன் கிளை சுலபமாக முறியும் என்பதும் உண்மைதான். ஆனால் உயரமாக வளர்வதால் கழுகுகள் அதில் கூடு கட்டுகின்றன. அதன் நிழலில் உள்ளூர் மரக்கன்றுகள் எழும்பிவருகின்றன. அந்தக் கன்றுகளை எண்ணி எழுதுங்கள். டுரியான், ரம்புத்தான், பலா மரங்கள் கூட்டமாக நின்றால் அங்கே கம்பம், அதாவது பழைய கிராமம், இருந்திருக்கும். அப்பகுதியில் வளர்ந்த பெரியவர்களைத் தேடிப் பேசுங்கள். செம்பவாங் கடற்படைத் தளப் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெரியவர்கள் எங்கே மாடு கட்டினார்கள், எந்த மரத்தடியில் பூசை போட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பேச்சைத் தமிழிலேயே பதிவு செய்து, ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்து, தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடத்தோடு பொருத்திக் காட்டினால் ‘வெறும் புதர்’ என்ற சொல் நிற்காது.

மழைநீர்க் கணக்கும் போடுங்கள். ஒரு ஹெக்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கன மீட்டர் தண்ணீர். ஒரு பிற்பகலில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். அதில் எவ்வளவை மண் குடிக்கிறது என்பது சரிவையும் மண் வகையையும் பொறுத்தது. ஆகவே ‘இந்தக் காடு வெள்ளத்தைத் தடுக்கிறது’ என்று எழுதாதீர்கள். பெருமழைக்குப் பிறகு ஓடை எவ்வளவு உயர்ந்தது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்பதைப் படத்தோடு எழுதுங்கள். முடிவைப் பொறியாளர்கள் எடுக்கட்டும். இடத்தைப் பயன்படுத்தும் மனிதர்களையும் எண்ணுங்கள்: ஒரு வேலைநாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை.

கோரிக்கையை எழுதுவது

ஆறு முதல் பத்துப் பக்கம் போதும். முதல் பக்கத்திலேயே மனை எண், பரப்பு, இப்போதைய வகைப்பாடு, நீங்கள் கேட்கும் வகைப்பாடு, அதற்கான மூன்று காரணம், ஒரு வரைபடம் எல்லாம் அடங்க வேண்டும். அதிகாரி அந்த ஒரு பக்கத்தைத்தான் மேலே அனுப்புவார்.

முதல் பத்தியை இந்த மாதிரி எழுதலாம்: ‘இந்த 6 ஹெக்டர் ஒதுக்கிடத்தில் ஓடையின் இருபுறமும் உள்ள 2.5 ஹெக்டரைப் பூங்கா வகைக்கு மாற்றக் கோருகிறோம். பன்னிரண்டு மாதக் கணக்கெடுப்பில் கூடுகட்டும் பதிவுகள் அனைத்தும் இந்தப் பகுதிக்குள் வருகின்றன. மீதி நிலத்தில் கட்டுமானம் வரும் பட்சத்தில், கிழக்குச் சாலையை ஒட்டித் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

முழுவதையும் கேட்பதா, பகுதியைக் கேட்பதா என்பதில் எல்லாக் குழுவிலும் சண்டை வரும். பாதியைக் கேட்டால் அந்தப் பாதியையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். எங்கள் முடிவு தெளிவானது: முழுக் கோரிக்கையோடு, எது மிக முக்கியமான பகுதி என்பதையும் அதே ஆவணத்தில் வரைந்து கொடுங்கள். டோவர் காட்டில் நடந்ததைப் பாருங்கள். 33 ஹெக்டர் கொண்ட அந்த இடத்துக்கான சுற்றுப்புற ஆய்வு 2020 டிசம்பரில் வெளியானது. கருத்துச் சொல்லும் கெடு, கோரிக்கைகளுக்குப் பிறகு நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலை இறுதியில் வந்த முடிவில் கிழக்குப் பாதி வீடுகளுக்குப் போனது. ஓடையும் உயிரின வளமும் கூடுதலாக இருந்த மேற்குப் பாதி இப்போதைக்குத் தொடாமல் விடப்பட்டு, அதில் ஏறக்குறைய 5 ஹெக்டருக்கு இயற்கைப் பூங்கா ஒதுக்கப்பட்டது. எந்தப் பாதி வளமானது என்பதற்குச் சான்று இருந்ததால்தான் கோடு அந்த இடத்தில் விழுந்தது. சான்று இல்லாத இடத்தில் கோடு கட்டுமான வசதிக்கு ஏற்பத்தான் விழும்.

மாற்று இடம் சொல்லாத கோரிக்கைக்கு வலு குறைவு. வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதிகள் நம் சொந்தக்காரர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு எதிராக நிற்பதாக உங்கள் கோரிக்கை தொனிக்கவே கூடாது. பக்கத்தில் காலியாகக் கிடக்கும் பழைய பள்ளி வளாகம், திறந்த கார் நிறுத்துமிடம், பயன்பாடு குறைந்த ஒற்றை மாடிக் கட்டடங்கள் எவை என்று மனை எண்ணோடு சொல்லுங்கள்.

எங்கே அனுப்புவது என்பதில் தவறினால் மாதங்கள் போய்விடும். வகைப்பாட்டுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம். காலி அரசு நிலத்துக்கு நில ஆணையம். உயிரினங்களுக்கும் பூங்காவுக்கும் என்பார்க்ஸ். பண்ணைக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு. வீடமைப்பு என்றால் வீவக. சாலை, ரயில் என்றால் நிலப் போக்குவரத்து ஆணையம். கால்வாய், ஓடை என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். முடிவெடுக்கும் அமைப்புக்கு முதல் கடிதம், மற்றவர்களுக்கு நகல்.

நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்க்கும்போது பத்துப் பக்கத்தை நீட்டாதீர்கள். எண் எடுத்து, வரிசையில் காத்திருந்து உள்ளே போனால் சில நிமிடம்தான் கிடைக்கும். ஒரு பக்கக் கடிதத்தோடு, மன்றத்தில் எழுப்பக்கூடிய ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள்: இந்த மனைக்கான ஆய்வு எப்போது முடியும், அறிக்கை வெளியிடப்படுமா, அதற்குமுன் மரம் வெட்டப்படாது என்று உறுதி உண்டா. பதில் நாடாளுமன்றப் பதிவில் ஏறிவிட்டால் பின்னால் அதை எடுத்துக்காட்டலாம். அந்த மூன்றாவது கேள்வி வெறும் சந்தேகம் அல்ல. 2021இல் கிராஞ்சியில் ஆய்வு முடியும் முன்பே காட்டின் ஒரு பகுதி தவறுதலாக வெட்டப்பட்டு, விசாரணை வரை போனது.

சுற்றுப்புறத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல வழக்கமாக நான்கு வாரம் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆய்வு நடந்த மாதங்களைப் பார்க்கட்டும்: வலசைக் காலம் சேர்ந்திருக்கிறதா? இன்னொருவர் உங்கள் பட்டியலை அவர்கள் பட்டியலோடு ஒப்பிடட்டும். மற்றொருவர் தணிப்பு நடவடிக்கைகளை மட்டும் படிக்கட்டும். வெட்டும் வேலை கட்டம் கட்டமாக நடக்குமா, விலங்குகள் எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் சாலை இருக்கிறதா என்ற கேள்விகளை இங்கேதான் எழுப்ப வேண்டும்.

நீண்டகாலப் பேச்சுக்கும் பலன் உண்டு. குறுக்குத் தீவு ரயில் பாதை 2013இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து இயற்கை ஆர்வலர் குழுக்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தோடு ஆண்டுக்கணக்காகப் பேசின. 2019 டிசம்பரில் பாதை காட்டுக்கு அடியிலேயே போகும் என்று முடிவானது. ஆனால் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில், வனப்பகுதியின் மேல்தரையைத் தொடாமல். முன்பு இறால் குளங்களாக இருந்த சுங்கை பூலோவுக்கான கோரிக்கை 1980களில் பறவை ஆர்வலர்களிடமிருந்து வந்தது. 1993இல் பூங்காவாகத் திறந்தது, 2002இல்தான் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. மலாயா ரயில் பாதை 2011இல் நின்றபோது, அந்த 24 கிலோமீட்டரையும் தொடர்ச்சியான பசுமைத்தடமாக வைக்கலாம் என்ற இயற்கைச் சங்கத்தின் முன்மொழிவு 2010லேயே தயாராக இருந்தது. நிலம் கைமாறுவதற்குமுன் ஆவணம் மேசையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பண்ணை நிலம்

பண்ணைக்குக் கணக்கு வேறு. வேளாண்மைக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான் இருக்கிறது; உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2014இல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் வேறு தேவைக்கு எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பிறகு குத்தகை சில ஆண்டு நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று வரும்போது பண்ணைக்காரர் முதலீடு செய்யத் தயங்குவார், விளைச்சல் குறையும், குறைந்த விளைச்சலே நிலத்தை எடுப்பதற்குக் காரணமாகக் காட்டப்படும். இந்தச் சுழலை உடைப்பதுதான் அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய உதவி.

நிச்சயமான வாங்குதல்தான் அதற்கு வழி. இருபது வீடுகள் வாரம் 2 கிலோ கீரை முன்பதிவு செய்தால் வாரத்துக்கு 40 கிலோ, ஆண்டுக்கு 2,080 கிலோ. கீரை வகைகள் 30, 40 நாளில் அறுவடைக்கு வருவதால், பண்ணைக்காரர் எந்தப் பாத்தியில் எப்போது விதைப்பது என்று திட்டமிட முடியும். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். மழை அடித்து விளைச்சல் குறைந்த வாரத்தில் குறைந்த எடையை ஏற்றுக்கொள்வதாக முதலிலேயே பேசிவிடுங்கள். இது பேசப்படாத குழுக்கள் ஈரப்பருவம் வந்ததும் உடைகின்றன. அடுக்குமாடியின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் வைத்துப் பிரித்துக்கொடுப்பதாக இருந்தால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும்.

கூடவே பண்ணையின் புள்ளிவிவரத்தைப் பண்ணைக்காரரோடு சேர்ந்து எழுதிவையுங்கள்: பாத்தியின் பரப்பு, விதைத்த நாள், அறுத்த நாள், எடை, விற்காமல் வீணான எடை, வந்துபோன பள்ளி மாணவர்கள். உற்பத்தி அளவு குத்தகை நிபந்தனைகளிலேயே இருப்பதால் உணவு அமைப்பு கேட்கும் மொழி இதுதான். குத்தகை முடிய ஐந்து ஆண்டு இருக்கும்போதே அடுத்தது என்ன என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். புது இடத்துக்கு ஏலப்புள்ளி, வடிவமைப்பு, அனுமதிகள், கட்டுமானம் என்று சேர்ந்தால் இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும்.

பண்ணை இல்லாத பேட்டையில் சமூகத் தோட்டம் தொடங்கலாம். என்பார்க்ஸின் சமூகத் தோட்டத் திட்டம் 2005 முதல் நடக்கிறது. வீவக பேட்டையில் என்றால் வசிப்போர் குழு வழியாக நகர மன்றத்துக்குப் போக வேண்டும். தனியாகப் பயிரிட விரும்புபவர்களுக்குப் பூங்காக்களில் ஏறத்தாழ 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவுள்ள பாத்திகள் குத்தகைக்குக் கிடைக்கும். அந்த அளவுப் பாத்தியை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப 750 லிட்டர் மண் பிடிக்கும். 25 லிட்டர்ப் பையென்றால் 30 பை. வெண்டை, கத்தரி, பசளைக்கு அந்த ஆழம் போதும். முருங்கையை அதில் வைக்காதீர்கள், வேர் பலகையைத் தள்ளிவிடும். பந்தலுக்கு மூங்கில் நட்டால் அதன் வாயை மண்ணாலோ மூடியாலோ அடைக்க வேண்டும். உள்ளே தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தோட்டத்தையே மூடச் சொல்லும் நிலை வரும். அரசு நிலத்தில் தற்காலிக உரிமத்தில் போடும் தோட்டத்துக்குக் குறுகிய முன்னறிவிப்பிலேயே முடிவு வரலாம் என்பதால் நகர்த்தக்கூடிய பெட்டிகளில் போடுங்கள். தோட்டத்தைப் பூட்டி வைக்கவும் வேண்டாம். பூட்டிய தோட்டத்துக்குப் பத்துப் பேர்தான் சொந்தம். திறந்த தோட்டம் போகப்போகிறது என்றால் பேட்டையே கேட்கும்.

சட்டத்தில் கால் இடறக்கூடிய இடங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக இயங்கினால் பதிவு வேண்டும். ஏற்கெனவே பதிவான அமைப்பின் கீழ் இயங்குவது சுலபம். வீடுவீடாகவோ தெருவிலோ நன்கொடை திரட்ட அனுமதி வேண்டும். ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் பதாகை ஏந்தி ஒருவர் தனியாக நின்றாலும் அனுமதி இல்லாத கூட்டமாகக் கருதப்படலாம். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் பதிவு செய்துவிட்டு நடத்தலாம், ஆனால் வெளிநாட்டினர் கலந்துகொள்ளக் கூடாது. குழுவில் வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார் இருந்தால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பாதிக்கப்படப்போவது அவர்கள்தான். கையெழுத்துத் தாளில் அடையாள அட்டை எண் கேட்காதீர்கள்.

வேலி போட்ட, அறிவிப்புப் பலகை உள்ள அரசு நிலத்துக்குள் கணக்கெடுப்புக்கென்று போகாதீர்கள். மேற்கு நீர்ப்பிடிப்பு வட்டாரத்தில் ராணுவம் உண்மையான குண்டுகளோடு பயிற்சி செய்யும் பகுதி இருக்கிறது. டிரோன் 250 கிராமைத் தாண்டினால் பதிவு வேண்டும். விமான நிலையங்கள், விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும். தெங்கா விமானத் தளத்தை ஒட்டிய பண்ணை வட்டாரத்தில் டிரோனை மறந்துவிடுங்கள்.

முடிவு வந்த பிறகு

நிலத்தின் ஒரு பகுதி கட்டுமானத்துக்குப் போனாலும் குழுவைக் கலைக்காதீர்கள். அறிக்கையில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை ஒரு தாளில் எடுத்து எழுதி, பொதுப்பாதையிலிருந்து பார்த்தே சரிபார்க்கலாம். தகரவேலி வைக்கப்பட்டது ஒப்புக்கொண்ட கோட்டிலா? வைத்திருக்க வேண்டிய மரங்களின் வேரடியில் மண் குவிக்கப்பட்டிருக்கிறதா? வேர்மேல் அரை மீட்டர் மண் ஏறினாலே மரம் மூச்சுத் திணறி சில ஆண்டில் பட்டுப்போகும்; அப்போது ‘தானாகச் செத்தது’ என்று வெட்டப்படும்.

மழைக்குப் பிறகு ஓடையைப் பாருங்கள். கட்டுமான இடத்திலிருந்து கால்வாயில் விடப்படும் நீரில் மிதக்கும் மண்துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தேநீர் நிறத்தில் ஓடினால் அந்த அளவு எப்போதோ தாண்டிவிட்டது. கட்டுமான இடத்துக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பிடித்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, நேரத்தோடு பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு அன்றே அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால் அதிகாரி வரும்போது தண்ணீர் தெளிந்திருக்கும்.

மாதக் கணக்கெடுப்பையும் அதே பாதையில், அதே நிறுத்தங்களில் தொடருங்கள். கட்டுமானத்துக்கு முன்பும் பின்பும் ஒரே முறையில் எடுத்த பதிவுகள் மிக அரிது. மீதிப் பாதியின் வகைப்பாடு அடுத்த மறுபரிசீலனைக்கு வரும்போது மேசையில் முதலில் வைக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.